மீசையும் சேர்த்து எடுத்த மொட்டை

1

என் மகன் சுந்தரம் நேற்றுக் காலையில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னல் ஓரமாக எடுத்துப் போய் வைத்துக்கொண்டு, கழுத்தைக் கோணித் தன் உச்சந்தலையைப் பார்க்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தான். எத்தனை கோணினாலும் அது தெரியாது. அந்த வித்தையை எல்லாம் அவனுக்கு முன்பே இதே கண்டி நகரில் ஒருத்தன் செய்து பார்த்துக் கைவிட்டிருக்கிறான். பக்கத்தில் இங்கிலீஷ் மருந்துக்கடையில் வாங்கிய சீசா ஒன்று இருந்தது. அதில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரன் தோள் வரைக்கும் முடியும் மார்பு வரைக்கும் தாடியுமாக நின்றான்.

"கொட்டுதாப்பா?" என்றேன்.

"கொஞ்சம். ஸ்டோர்ல எல்லாரும் கேலி பண்றாங்க." சுந்தரம் காப்பி ஸ்டோரில் கிளார்க்காக இருக்கிறான். சொல்லிவிட்டு என் தலையை மேலும் கீழும் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்த தலைதான். ஆனால் அப்படி அக்கறையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உங்களுக்கு எந்த வயசுலப்பா போச்சு?"

"உன் வயசுலதான்."

"அப்ப எனக்கும் போயிருமா?"

"அதைச் சொல்லணும்னா பெரிய கதைடா" என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஸ்டோர் மணி அடித்துவிட்டது. "அப்புறம் கேக்குறேன்ப்பா" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினான். இங்கே பிறந்த பிள்ளைகளின் 'அப்புறம்' எனக்குத் தெரியும். அது வரவே வராது.

ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். என் தலையைப் பற்றி நம் ஊர்ப் பக்கம் ஒரு கதை உலாவுகிறது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நடந்தது இன்னதுதான் என்று எழுதி வைக்கிறேன். நீங்கள் நம்பிவிடுவீர்கள் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. நேரில் சொன்னபோதே ஒருத்தியைத் தவிர யாரும் நம்பவில்லை.

2

மீசை அரும்பி முடிந்த வயதில் இங்கே வந்தேன். அப்போது ரயில் கிடையாது. தோணியில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை, அங்கிருந்து கண்டி. காப்பித் தோட்டங்களுக்கு வந்த சனங்களோடு சேர்ந்து நடந்தேன். வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். நான் காய்ச்சலோடு வந்து சேர்ந்தேன். எழுத்தும் கணக்கும் தெரிந்ததால் தோட்டத்துக்குப் போகாமல் கண்டிக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடையில் கணக்கப்பிள்ளையாக ஒட்டிக்கொண்டேன். மலையிலிருந்து காப்பி இறங்கும். கீழேயிருந்து அரிசி ஏறும். வண்டிகளோடு கம்பளைக்கும் தெல்தோட்டைக்கும் போய் மூட்டைகளை இறக்கிவிட்டு வருவது என் வேலை.

ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று அப்பாதான் எனக்குக் குடுமி முடிந்துவிட்டார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. அவருக்கு ஒரே பிள்ளை நான். சிக்கெடுத்து, வாரி, இறுக்கி முடிந்துவிட்டு, "குடுமி பத்திரம்" என்றார். அவ்வளவுதான். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலிருந்து கண்டிக்குப் போன ஒருத்தன் கிராப்புத் தலையோடு திரும்பி வந்தான். குடுமி போயிற்று என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்டான். அவன் வேதத்தில் சேர்ந்தானோ, பேன் தொல்லைக்காக வெட்டினானோ, யாரும் கேட்கவில்லை. பெற்ற அப்பனே அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

என் கணக்கு இதுதான். அடுத்த வருஷம் தை மாதம் ஊருக்குப் போக வேண்டும். குடுமியோடு அப்பா முன்னால் நிற்க வேண்டும். மாமன் மகள் சிவகாமியைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் அந்த வயதில் எனக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை.

அப்போதுதான் முடி கொட்டத் தொடங்கியது. கடைக்குப் பின்னால் கிணற்றடியில் தலைக்குக் குளித்தால் கை நிறைய வரும். முதலில் காய்ச்சல் முடி, போய்விட்டு வரும் என்று இருந்தேன். போனது போயிற்று, வரத்தான் இல்லை. நெற்றி இரண்டு பக்கமும் உள்ளே ஏறியது. உச்சியில் ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. குடுமி எலிவால் ஆயிற்று. கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிகிறாள் என்பார்கள். இங்கே சிங்கள ஆண்களும் தடித்தடியாகக் கொண்டை போட்டுக்கொண்டு என் முன்னாலேயே நடமாடினார்கள். அவர்களைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. தலைப்பாகையை நான் தூங்கும்போது மட்டும்தான் அவிழ்த்தேன்.

3

இன்று காலையில் என் வீட்டுக்காரி நல்லெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு மகன் பின்னாலேயே நடந்தாள். "காலர்ல படும்மா, துரை பாப்பாரு" என்று அவன் நழுவினான். பதினாறு வயதில் ஸ்டோர் வேலைக்குப் போன அன்றே குடுமியை எடுத்துவிட்டு வந்தவன் அவன். அம்மாவிடம் தமிழ், வண்டிக்காரர்களிடம் சிங்களம், கண்ணாடியிடம் இங்கிலீஷ். நான் ஒன்றும் சொல்வதில்லை. என் தலையை வைத்துக்கொண்டு யாருக்கும் தலையைப் பற்றிப் புத்தி சொல்ல முடியாது.

அந்த நாளில் எனக்குப் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கடையில் சமையல் பார்த்த வேலு அண்ணன் கரிசலாங்கண்ணியை அரைத்துத் தடவச் சொன்னார். தடவினேன். சின்ன வெங்காயத்தைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன்; கண்ணீர்தான் மிச்சம். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டித் தண்ணீர் என்றார். அதே தண்ணீரில் குளித்த அவர் தலை மட்டும் காடாக இருந்தது.

பிறகு பேராதனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள வைத்தியரைத் தேடிப் போனேன். அப்போது எனக்குச் சிங்களம் அரைகுறை. முடி இல்லை என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒளுவ நே" என்றேன். தலையே இல்லை என்று அர்த்தமாம். வைத்தியர் என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒளுவ தியெனவா, கொண்டே தமா நே" என்றார். தலை இருக்கிறது, முடிதான் இல்லை என்று ஆறுதல். ஒரு குப்பி எண்ணெய் கொடுத்தார். அதைத் தடவிக்கொண்டு கடைக்குள் நுழைந்த அன்று முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாணிக்கம், ஒன்னைய வச்சுக்கிட்டு அரிசி விக்க முடியாது. அந்த வாடை போற வரைக்கும் வெளியில வண்டிக்கிட்ட நில்லு" என்றார். நின்றேன். ஈ மொய்த்தது.

அரசாங்கக் கச்சேரியில் பட்டது தனிக்கதை. வண்டி லைசென்சுக்காக முதலாளி என்னை அனுப்பியிருந்தார். மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். அரசாங்க அலுவலகம் என்பதால் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு விறுவிறுவென்று எழுதினார்.

"வயசு கேக்கலையே ஐயா?"

"நாப்பது எண்டு போட்டன்."

"இருபத்தி ரெண்டுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "உமக்கோ?"

"ஆமாங்க."

"ஓம், இருக்கலாம். ஆனா எழுதினதை வெட்டினா துரை காரணம் கேப்பார். துரைக்கு நான் என்னெண்டு விளங்கப்படுத்துறது? நாப்பதாவே இரும்."

இருந்தேன். அரசாங்கத்துக்கு நான் அன்றிலிருந்தே கிழவன். வருஷா வருஷம் அதோடு ஒன்று கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். அன்று சிரிக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் குளக்கரையில் உட்கார்ந்து, இந்த முகத்தோடு போய் நின்றால் மாமா என்ன சொல்வார் என்று நினைத்தேன். கண்டிக்குப் போய் நோய் வாங்கி வந்தவன் என்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், தலையைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். அதை நினைத்துத்தான் பயந்தேன்.

4

கடைசி யோசனையும் வேலு அண்ணனுடையதுதான்.

"மொட்டை போட்ருடா மாணிக்கம். காப்பியைப் பாரு. கிழட்டுச் செடியா நிக்கும். கவ்வாத்துப் பண்ணி ஒட்ட வெட்டி விட்டா அடுத்த மழைக்குத் தழதழன்னு வருதா இல்லையா? முடியும் அப்படித்தான். தைக்குள்ள தாராளமா குடுமி வந்துரும்."

மலை மலையாகக் கவ்வாத்து வெட்டிய காப்பி மறுபடி தழைத்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? தலையும் செடியும் ஒன்றா என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனி மாதம் கடைசியில் ஒரு நாள், கடைத்தெருவுக்கு வருகிற நம் பக்கத்து நாவிதரைக் கூப்பிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "தாய் தகப்பன் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"அப்ப சும்மா மொட்டை எடுக்கக் கூடாது தம்பி. சாமி பேரைச் சொல்லிக்குங்க."

கதிர்காமத்து முருகன் பேரைச் சொல்லிக்கொண்டேன். மொட்டை முடிந்தது. எழுந்திருக்கப் போனபோது மீசை ஞாபகம் வந்தது. அதுவும் அந்த நாளில் சோனிதான். கவ்வாத்து என்று வந்த பிறகு ஒரு செடியை மட்டும் விட்டுவைப்பானேன் என்று, "இதையும் எடுத்துருங்க" என்றேன்.

நாவிதர் கையை நிறுத்தினார். "மீசையுமா?"

"எடுங்க. நல்லா வளரட்டும்."

எங்கள் பக்கத்தில் கோயில் மொட்டைக்கு மீசை தப்பித்துவிடும். தலையோடு மீசையும் சேர்ந்து போனால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் முடியைத் தவிர வேறு எதுவும் புத்தியில் ஏறாத காலம் அது. நாவிதர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு எடுத்துவிட்டார்.

5

மூன்று நான்கு நாள் இருக்கும். மழை விட்டு வெயில் தலைகாட்டிய காலை. மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்டால் வேர் பிடிக்கும் என்பது வேலு அண்ணனின் உத்தரவு. தெருவில் புதிதாக வந்திறங்கிய தோட்டத்து ஆட்கள், மூட்டை முடிச்சுகளோடு, வீங்கிய கால்களோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை அழைத்து வந்த கங்காணி எங்கள் ஊர்ப் பெரியசாமி. நான் சித்தப்பா என்று கூப்பிடுகிற மனிதர். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் ஆள் கூட்டி வருவார். ஊர்ச் செய்தி எனக்கு அவர் வாய் வழியாகத்தான் வரும்.

சந்தோஷமாக எழுந்தேன். "வாங்க சித்தப்பா!"

அவர் வரவில்லை. நடுத்தெருவில் நின்றுவிட்டார். என் தலையைப் பார்த்தார். உதட்டுக்கு மேலே பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் கேதம் கேட்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மொட்டையைப் பார்த்துத் தப்பாக நினைத்துவிட்டார், விளக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்கிட்ட எப்படிச் சொல்லப் போறோம்னு மன்னாருல இருந்து யோசிச்சுக்கிட்டே வந்தேன்டா. மகராசன், நீயே எடுத்துட்டியே. ஒனக்கு யாருப்பா சொன்னா?"

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

"வைகாசில போயிட்டாரு. ரெண்டு நாள்தான் படுத்தாரு. ஒரே பிள்ளை கடலுக்கு அங்கிட்டு இருக்கே, கொள்ளி வைக்கக்கூட இல்லையேன்னு ஊரே அழுதுச்சு. உங்க பெரியப்பன் மகன்தான் வச்சான். ஆனா நீ இங்க எல்லாத்தையும் முறைப்படி பண்ணிட்டே. எப்படிப்பா தெரிஞ்சுது? எங்களுக்கு முந்தி யாரும் வரலையே?"

என் கை அவர் கைக்குள் இருந்தது. அப்பா என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் தெருவில் நின்ற எங்கள் பக்கத்துச் சனங்களும் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். எல்லார் கையையும் தொட்டேன். செத்த வீட்டுப் பிள்ளை செய்ய வேண்டியதை எல்லாம் என் உடம்பு தானாகச் செய்துகொண்டிருந்தது. அழுகைதான் வரவில்லை. அது வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

"சித்தப்பா, எனக்குத் தெரியாது. முடி கொட்டுச்சு, அதுக்காக எடுத்தேன்" என்று அன்றே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு மெல்ல, "தெரியாமலா மீசையையும் எடுத்தே?" என்றார். காப்பிச் செடியைப் பற்றி அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

எந்தத் திதி என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கோடை மழை பெய்தது, விறகு நனைந்திருந்தது, அது மட்டும் நினைவிருந்தது. இரண்டு நாளில் வந்த ஆடி அமாவாசைக்குப் பேராதனையில் மகாவலி ஆற்றங்கரையில் காரியம் செய்தேன். நாவிதர் வந்தார். என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார். முறை தப்பக்கூடாது என்று கத்தியைத் தண்ணீரில் நனைத்து, வெறுந்தலையில் சும்மா ஓர் இழுப்பு இழுத்தார். அப்பாவுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு முடிகூட இல்லை. ஆற்றில் இறங்கியபோதுதான் அழுதேன்.

அதன் பிறகு காதோரத்தில் மட்டும் வளர்ந்தது. உச்சியில் எதுவும் வரவில்லை. இப்போது தெல்தோட்டைப் பக்கம் காப்பி இலையில் மஞ்சள் புள்ளி விழுந்து கொட்டுகிறது. துரைமார் சுண்ணாம்பைத் தூவுகிறார்கள், கந்தகத்தைத் தூவுகிறார்கள், வெட்டியும் பார்க்கிறார்கள். தழைப்பதாகத் தெரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

6

தை மாதம் ஊருக்குப் போனேன். எனக்கு முன்பே கதை போய்விட்டது. 'அப்பன் உயிர் கடலைத் தாண்டிப் போய்ப் பிள்ளை கனவுல சொல்லிட்டுத்தான் போயிருக்கு. அன்னைக்கே எழுந்து மொட்டை எடுத்திருக்கான் பய.' அன்றைக்கே என்பது பெரியசாமிச் சித்தப்பா சேர்த்ததா, ஊர் சேர்த்ததா, தெரியாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது நம்மவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

மாமா வீட்டு வாசலில் தலைப்பாகையை எடுத்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எடுத்தேன். மாமா பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"இன்னும் முடி வளக்கலையா மாப்ளே?"

"வளரலை மாமா."

"கேட்டீங்களா?" என்று கூடியிருந்தவர்களிடம் திரும்பினார். "மனசு ஆறலைன்னு சொல்ல மாட்டேங்கிறான். வளரலையாம்!"

கடல் கடந்து போகிற பிள்ளை என்று துக்க வருஷம்கூடப் பார்க்காமல் அந்த வாரமே பரிசம் போட்டார்கள். யார் முன்னால் தலையைக் காட்டப் பயந்தேனோ அவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பார்க்க வேண்டிய ஒருவர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு சிவகாமியிடம் நடந்ததைச் சொன்னேன். கரிசலாங்கண்ணி, வெங்காயம், ஒளுவ நே எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

நான் சொன்னேன். பெற்றவளிடம்கூடப் பொய்த் தலையைத் தூக்கிக்கொண்டு திரிய முடியவில்லை. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா என் கனவுல வரலை. எனக்கு ஒண்ணும் தெரியாது. முடி கொட்டுச்சு. அதுக்கு வைத்தியமாத்தான் மொட்டை போட்டேன்."

அம்மா முறத்தை நிறுத்தவில்லை. "உங்கப்பாவும் இப்படித்தான்" என்றாள். "மனசுல உள்ளதை நேரா சொல்ல மாட்டாரு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு உங்கிட்ட சொல்லியிருப்பாரு. நான் கேக்கலைப்பா."

திரும்பவும் கண்டிக்குப் புறப்பட்ட அன்று தெரு முனை வரைக்கும் வந்தாள். சிவகாமி வண்டியில் ஏறிவிட்டாள். வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். அம்மா என் தலைப்பாகையை இறக்கச் சொல்லி, மொட்டையில் கையை வைத்துக்கொண்டு, சிவகாமிக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"ஒன்னையப் பாக்கணும்னு அம்புட்டுத் தூரம் கடலைத் தாண்டி வந்தாருல்ல. நான் இங்கதான் கெடக்கேன், அவரு கட்டின வீட்டுலயே. ஒரு நாளுகூட என் கனவுல வரலைப்பா. அங்க மறுபடி வந்தாருன்னா, எங்கிட்டயும் ஒருவாட்டி வந்துட்டுப் போகச் சொல்லு."

"சொல்றேம்மா" என்றேன்.